கண்ணா, கருவியா?

“ஒளிப்படம் கலையாகாது; அது கருவியின் வேலை” என்று தீர்ப்புரைப்போர் நம்மிடையே இன்றும் உளர். சில மாதங்களுக்கு முன் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு இளைஞர் ஒருவர் தாம் எடுத்த மலைக்காட்சிப் படங்கள் நான்கினைக் கொண்டுவந்தார். பெரிய பெட்டிக் காமிராவைத் தோளில் சுமந்து சென்று, பிலிமில் எடுத்து, இருட்டறையில் தம் கையாலேயே படியெடுத்த படங்கள் அவை. தேர்வுக் குழுவினர் உறையைப் பிரிக்கவும் இல்லை. “பொத்தானை அமுக்கியதற்குப் பரிசா?” என்று ஒருவர் நகைத்தார். அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.

முதலில், அப்பெட்டி யாதெனக் காண்போம். முன்னே ஒரு லென்ஸ், பின்னே ஒரு தேய்த்த கண்ணாடி, இரண்டையும் இணைக்கும் துணித் துருத்தி, தாங்கி நிற்க ஒரு முக்காலி. அவ்வளவே. 8க்கு 10 அங்குலப் பிலிம் தாள், சாதாரணச் சுருள் பிலிமின் ஒரு கட்டத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு பரப்புடையது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித் தாள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் கண்ணாடியை நோக்கினால் உலகம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும். மலை அங்கே மலையாகத் தெரிவதில்லை. ஒளியும் நிழலும் சேர்ந்த வடிவமாகத் தெரிகிறது. காலடிக் கூழாங்கல்லும் தொலைவிலுள்ள சிகரமும் ஒருங்கே தெளிவுற வேண்டுமாயின் லென்ஸைச் சிறிது முன்சாய்க்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பதைக் கருவி சொல்லாது.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. பிலிம் தாளைச் செருகியதும் கண்ணாடியில் காட்சி மறைந்துவிடும். படம் பதியும் கணத்தில் கலைஞன் காமிராவுக்குள் எதையும் காண்பதில்லை. அப்போது படம் இருப்பது அவன் உள்ளத்தில் மட்டுமே. இதனையா பொத்தான் வேலை என்கிறீர்கள்?

கருவியே எல்லாம் செய்கிறது என்போர்முன் ஒரு வழக்கை வைக்கிறேன். 1927 ஏப்ரலில், ஆன்சல் ஆடம்ஸ் என்னும் 25 வயது அமெரிக்க இளைஞர், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்கத் தகடுகளைச் சுமந்து மலையேறினார். உச்சிப் பாறை எதிரே எழுந்த இடத்தை அடைந்தபோது எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். மஞ்சள் நிறக் கண்ணாடியை லென்ஸில் பொருத்தி ஒன்றைச் செலவிட்டார். உடனே ஓர் ஐயம் எழுந்தது. பாறை தம் நெஞ்சில் எழுப்பிய அச்சமும் பெருமிதமும் அப்படத்தில் வாரா, வானம் வெறும் சாம்பல் நிறமாகவே நிற்கும் என்று உணர்ந்தார். கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினார். நீலவானம் ஏறத்தாழக் கருமையாயிற்று. பாறை அதனின்று தனித்தெழுந்து நின்றது. அதே காமிரா, அதே பாறை, அதே பிற்பகல். ஆயினும் வேறொரு படம்! கருவியே கலைஞன் எனில், இவ்வேறுபாட்டைச் செய்தது எது? விடை கூறுங்கள்.

1941இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழுந்தபோது, அவருக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவொளியின் அளவை நினைவிலிருந்தே கொண்டு கணக்கிட்டு ஒரு தாளில் பதித்தார். இரண்டாவதற்கு முயலுமுன், கல்லறைச் சிலுவைகளின்மேல் விழுந்த வெயில் மறைந்துவிட்டது. அந்த ஒரே நெகடிவிலிருந்து பல பத்தாண்டுகள் படியெடுத்தார். முற்காலப் படிகளில் வானம் வெளிறியும் முகிற்கீற்றுகளோடும் இருக்கும். பிற்காலப் படிகளிலோ காரிருள். பியானோ பயின்ற அவர் நெகடிவை இசைக்குறிப்புக்கும், படியெடுப்பதை அதனை வாசிப்பதற்கும் ஒப்பிட்டார். நமக்கு இது புதிதன்று. கீர்த்தனை ஒன்றே, பாடகருக்குப் பாடகர், ஏன், ஒரே பாடகருக்கு வயதுக்கு வயது, அது வேறுபடவில்லையா? அதனைக் கலை என்று தலையசைக்கும் நாம், இதனை மட்டும் ஏன் கைவிரல் வேலை என்று தள்ளுகிறோம்?

எதிர்ப்புறத்தாரையும் விட்டுவிடுவதற்கில்லை. பெட்டி பெரிது, உழைப்பு கடிது, ஆகவே படம் உயர்ந்தது என்று வாதிடுவோர் சிலர் உளர். இதுவும் கருவி வழிபாடே. சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் 1866இல் இமயத்தில் 18,000 அடிக்கும் மேற்பட்ட மணிரங்கு கணவாயில் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் உலருமுன் ஒளி பதித்து, கூடாரத்திலேயே உருத்துலக்க வேண்டிய காலம் அது. தகடுகளையும் கூடாரத்தையும் சுமந்தவர்கள் மலைநாட்டுச் சுமையாட்கள். சுமையே கலையாயின் அவர்களன்றோ பெருங்கலைஞர்கள்! அவர்களுக்கு நன்றி உரியது. எனினும் கலை பிறந்தது எங்கு நிற்பது, எப்போது திறப்பது, எதனை விடுப்பது என்ற தேர்விலே. அத்தேர்வைக் கைப்பேசியிலும் செய்யலாம். ஆயினும் செலவின்றி நூறு படம் எடுக்கலாம் என்னும்போது தேர்வைத் தள்ளிப்போடுகிறோம். ஒரே தாள்தான் உண்டு என்னும்போது தேர்ந்தே ஆகவேண்டும். பெரிய பெட்டியின் சிறப்பு அதுவே, அதற்குமேல் இல்லை.

நிற்க. நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ‘பார்த்தேன்’ எனச் சுருக்கொப்பமிட்டு நாள்தோறும் எத்தனையோ கோப்புகளை மேலே அனுப்புகிறேன். அவற்றுள் மெய்யாகவே பார்த்தவை எத்தனை என்று என் நெஞ்சே அறியும். கண்ணிருந்தும் காணாத அந்தப் பழக்கந்தான் அன்று அக்குழுவின் மேசைமேலும் இருந்தது. ஒரு பாறையின்மேல் வெயில் சாயும்வரை அரைநாள் காத்திருப்பவன், நாம் செய்யத் தவறியதைச் செய்கிறான்: அவன் பார்க்கிறான்.

அவ்விளைஞரின் படங்கள் சிறந்தவையென்று நான் சாதிக்க வரவில்லை. நானும் அவற்றைப் பார்க்கவில்லையே! உறை பிரிக்கப்படவில்லை. அன்பர்களே, நன்றென்றோ தீதென்றோ தீர்ப்புக் கூறுங்கள்; அதற்குமுன் உறையைப் பிரியுங்கள்.