முக்கோணத் தட்டில் கைமா அடை

செட்டியார்பட்டி போன்ற நம் சிற்றூர்களிலும் சாண்ட்விச் மேக்கர் சீர்ப்பொருளாக வந்து, நாலு நாள் ரொட்டி சுட்டபின் பரணேறி விடுவதுண்டு. அதைக் கீழே இறக்குங்கள். 1974இல் ஆஸ்திரேலியாவின் பிரெவில் நிறுவனம் அறிமுகப்படுத்திய முக்கோணத் தட்டின் சிறப்பே, ஓரங்களை அழுத்தி மூடிவிடுவதுதான். உள்ளே வைத்த பூரணம் வழியாது.

புளித்த தோசை மாவில் வெங்காயமும் மல்லித்தழையும் கலந்துகொள்ளுங்கள். எண்ணெய் தடவிச் சூடேற்றிய குழியில் பாதியளவு ஊற்றி, நடுவே ஒரு கரண்டி கைமா வைத்து, மேலே சிறிது மாவு பரப்பி மூடுங்கள். நிரம்ப ஊற்றினால் பொங்கி வழியும். சுரண்டும் வேலையும் நமக்கே! எட்டு நிமிடத்தில் அடை தயார். 750 வாட் கருவியாயின், அதற்குச் செலவாவது 0.1 யூனிட் மின்சாரமே.

கைமாவைப் பச்சையாக மட்டும் வைத்துவிடாதீர்கள். மேலே பொன்னிறமானதைக் கண்டு உள்ளேயும் வெந்ததென நம்பிவிடுவோம். கொத்திய இறைச்சியிலோ கிருமிகள் உள்வரை கலந்திருக்கும். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். உண்பவர்கள் நம் பிள்ளைகள். ஆகவே இஞ்சி, பூண்டுடன் நீர் வற்ற வேகவைத்த பின்னரே வையுங்கள். முதல் நாள் மிஞ்சிய கறியானால், இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததையே எடுத்து, ஆவி பறக்கச் சுடவைத்துப் பயன்படுத்துங்கள்.

நோன்பு திறக்கும் வேளைக்குச் சமோசாவையும் இதிலேயே சுடலாம். பொரித்ததன் மொறுமொறுப்பு வராதுதான். ஆனால் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டியதில்லை. எடுப்பதற்கு மரக்கரண்டியே நல்லது. இரும்புக் கரண்டி தட்டின் பூச்சைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம்.