வீட்டுக்கொரு குலுக்கை

சேமித்து வைக்கும் கலையைக் கரிசல் நிலத்து மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. வானம் பார்த்த பூமியில் பெய்த மழையை ஊருணியிலும் கண்மாயிலும் தேக்கினர். விளைந்த கம்பையும் சோளத்தையும் மண்ணால் வனைந்த குலுக்கையில் கொட்டி வைத்தனர். மேல்வாய் வழியே தவசத்தைக் கொட்டுவதும், அடியிலுள்ள துவாரத்தின் வழியே வேண்டும்போது வேண்டுமளவு எடுப்பதும் அதன் முறை. வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் அது பொது. விதைத் தவசம் மட்டும் உண்ணும் தவசத்தோடு கலவாமல் வேறு கலத்தில் தனித்திருக்கும். பொதுவாய்ச் சேர்த்தல், எளிதாய் எடுத்தல், விதையைத் தனியே காத்தல் என்னும் மூன்று நெறிகளும் அந்த மண்கலத்தைச் சுற்றியே அமைந்திருந்தன.

இற்றை நாளில் நம் இல்லங்களில் விளையும் விளைச்சல் வேறு. நிலப் பட்டாவின் படி, பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்கள், திருமணக் காணொளி, மறைந்த தந்தையின் ஒளிப்படம், பாட்டி சொன்ன கதையின் ஒலிப்பதிவு ஆகியன யாவும் இன்று மின்வடிவில் குவிகின்றன. இவை எங்கே இருக்கின்றன? புதூரிலும் அதனையொத்த கரிசல் ஊர்களிலும் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். யாரோ ஒருவரின் கைபேசியில் இருக்கின்றன. அந்த ஒருவர் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ பணிபுரிகிறார். கைபேசி தண்ணீரில் விழுந்தால், திருடு போனால், குடும்பத்தின் கால் நூற்றாண்டு நினைவு ஒரு நொடியில் அழிந்து போகிறது. தவசத்தை ஒருவர் மடியில் மட்டும் கட்டி வைக்காத மக்கள், நினைவை மட்டும் அங்ஙனம் வைத்திருப்பது முறையாகுமா?

வீட்டிலுள்ள கருவிகளை ஒரு வலையாகப் பிணைத்து, அதன் நடுவே அனைவருக்கும் பொதுவான ஒரு சேமிப்பகத்தை அமைத்துக்கொள்வது இக்காலத்தின் குலுக்கை. அஃது எளிய குடும்பத்தின் கைக்கு எட்டக்கூடியதே என்பதும், இணையக் கட்டணத்தை உயர்த்திக் கொள்வதைவிட முதலில் செய்யத்தக்கது என்பதும் நம் கருத்தாகும்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை?

தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணினிக் கம்பியோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு. இழப்பின் கதைகளை நம் இலக்கிய வரலாறு போல் அறிந்தது பிறிதொன்றில்லை. இன்று நாமறிந்த இசுலாமியத் தமிழிலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது பல்சந்தமாலை. அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. களவியற்காரிகையின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்களே எஞ்சின. அவை பிழைத்ததன் காரணம் ஒன்றே. மூலம் இருந்த இடத்தில் மட்டுமன்றி வேறோர் ஏட்டிலும் அவற்றின் படி இருந்தது. படி இருந்தது வாழ்ந்தது. படி இல்லாதது மாண்டது.

அண்மைக் காலத்தும் இவ்வுண்மை மாறவில்லை. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. அவ்விழப்பின் வடு ஆறாத ஈழத் தமிழர் 2005-ஆம் ஆண்டில் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு அதில் வைத்துள்ளனர். ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது காப்பு ஆகாது என்பது அவர்கள் நெருப்பில் கற்ற பாடம். நாம் அதனை நெருப்பின்றியே கற்றுக்கொள்ளலாம்.

இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் காட்டுச் சொல்லகராதியைத் தந்தார். அதனால் நம் மண்ணின் சொற்கள் பிழைத்தன. ஆயினும் சொல்லைக் காத்த அகராதி, அதைச் சொன்ன குரலைக் காக்க இயலாது. அக்குரல் இன்று நம் வீட்டுக் கைபேசிகளில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பது குடும்பத்தின் கடன். வேறெந்த நூலகமும் நமக்காக அதைச் செய்யப் போவதில்லை.

இணையக் கிட்டங்கி போதாதா?

'எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் போயிற்று' என்பார் உளர். அது முற்றும் தவறன்று. முற்றும் போதுமானதும் அன்று. கூகுள் நிறுவனம் ஒளிப்படங்களுக்கு அளவின்றி வழங்கிவந்த இலவச இடத்தை 2021 ஜூன் முதல் நாளோடு நிறுத்திக்கொண்டது. ஈராண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் பணியை 2023 டிசம்பரில் தொடங்கியது. மறைந்த ஒருவரின் கணக்கைத் திறப்பார் யார்? வாடகைக் கிட்டங்கியில் நம் தவசத்தை வைக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு குலுக்கை இருத்தல் வேண்டும்.

ஈண்டு மற்றொரு மயக்கத்தையும் தெளிவிக்க வேண்டும். இணைய வேகம் வேறு. வீட்டினுள் ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குச் செல்லும் வேகம் வேறு. முன்னதற்கு மாதந்தோறும் கட்டணம் உண்டு. பின்னதற்கு ஒருமுறைச் செலவே; அதன்பின் இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் அது இயங்கும். கூடத்திலிருக்கும் கணினியின் படத்தை மாடியறையில் காண்பதற்கு அப்படம் கடல் கடந்து சென்று திரும்ப வேண்டிய தேவை என்ன?

வேகம் ஏன் வேண்டும்?

குலுக்கையின் துவாரம் மிகச் சிறிதாயின் எடுப்பவர் சலித்துப் போவர். சேமிப்பகமும் அத்தகையதே. மந்தமாய் இருப்பின் ஒரு வாரத்தில் கைவிடப்படும். ஒரு திருமணக் காணொளி 20 கிகாபைட் அளவுடையது எனக் கொள்வோம். நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பில், நொடிக்கு 12.5 மெகாபைட் கணக்கில், அதனைச் சேமிக்க ஏறத்தாழ அரை மணி நேரமாகும். நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் செல்லும் இணைப்பிலோ மூன்று நிமிடங்கள் போதும். செப்புக் கம்பியில் கிகாபிட் செலுத்தும் தரமுறை 1999-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. பழகிய தொழில்நுட்பமாதலின் விலையும் மலிந்துவிட்டது.

சிக்கனமாய் அமைக்கும் முறை

முதலாவது, சேமிப்பகமாக நிற்க ஒரு கணினி. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் எத்தனையோ பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. அதில் ஒன்றைத் துடைத்து எடுத்து, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் போதும். கோப்புகளை வலையில் பகிர்வதற்கு 'சாம்பா' என்னும் மென்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1992-ல் தொடங்கி உலகுக்கு இலவசமாய் அளித்தது அது. 'ஓப்பன் மீடியா வால்ட்' என்பதும் காசின்றிக் கிடைப்பதே. பழைய மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் அதனைக் கழற்றிவிடல் வேண்டும். பேட்டரி இல்லாத நிலையில் சிறிய யுபிஎஸ் ஒன்று தேவை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றால் கோப்பு சிதையும்.

இரண்டாவது, சுவிட்ச் எனப்படும் இணைப்புப் பெட்டி. ஐந்து துளையுடைய கிகாபிட் சுவிட்ச் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இணைய நிறுவனங்கள் தரும் ரூட்டர்கள் பலவற்றில் துளைகள் 100 மெகாபிட் அளவினவே. அதனை மாற்ற வேண்டுவதில்லை. கணினிகளைச் சுவிட்சில் இணைத்து, சுவிட்சிலிருந்து ஒரு கம்பியை ரூட்டருக்குக் கொடுத்தால், வீட்டினுள் கம்பிவழி வேகம் குறையாது.

மூன்றாவது, கம்பி. 'கேட் 5ஈ' வகையே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். 'கேட் 6' வாங்கினால் இன்னும் நன்று. விலை மலிவென்று அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பியை வாங்குதல் கூடாது. முழுச் செம்புக் கம்பி எனக் கேட்டு வாங்குதல் வேண்டும். இக்கம்பியினுள் நான்கு இணைகள் உள. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். முனையைப் பொருத்துவோர் ஓரிணையைத் தவறவிட்டாலும் வேகம் பத்தில் ஒன்றாய்ச் சுருங்கிவிடும். பெரும் பொருள் செலவிட்டும் வேகம் வரவில்லை என்று வருந்துவோர் முதலில் நோக்க வேண்டிய இடம் இதுவே.

அடுத்த மனையிலுள்ள உடன்பிறந்தார் வீட்டையும் இணைக்க விரும்பின், வெட்டவெளியில் செப்புக் கம்பியை இழுத்தல் தகாது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலை நம் கரிசல் மக்கள் நன்கறிவர். கண்ணாடி இழைக் கம்பியே அங்குத் தக்கது.

நான்காவது, ஹார்டு டிஸ்க். மொத்தச் செலவில் பெரும்பகுதி இதற்கே ஆகும். மடிக்கணினியின் யுஎஸ்பி துளை பழைய இரண்டாம் தலைமுறையைச் சார்ந்ததாயின், நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் அளவே வட்டிலிருந்து வரும். நாம் எடுத்துக்காட்டிய காணொளி அப்போது பத்து நிமிடங்களை எடுத்துக்கொள்ளும். மூன்றாம் தலைமுறைத் துளையுள்ள கருவி கிடைப்பின் அதனையே தெரிந்துகொள்ளல் வேண்டும். வலைக்கம்பித் துளையும் கிகாபிட் தானா என்று பார்த்தல் வேண்டும். கைபேசிகள் வைஃபை வழியே இதனோடு இணையும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆனால் பழைய வீடுகளின் கனத்த சுவர்களைக் கடக்க இயலாமல் தளரும். ஆதலின் வைஃபை கருவியைப் பலரும் புழங்கும் கூடத்திலேயே வைத்தல் நலம்.

பழைய கணினி கையிலிருக்குமாயின், இவையனைத்தும் ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைக்குள் அடங்கக்கூடியவை.

விதைத் தவசம்

இத்துடன் பணி முடிந்ததென எண்ணுவது பெரும்பிழை. இரண்டு வட்டுகளை ஒன்றின் நிழலாய் மற்றொன்று இயங்குமாறு பொருத்துவோர் உளர். ஒரு வட்டு பழுதாயின் மற்றது கைகொடுக்கும், மெய்தான். ஆனால் ஒரு குழந்தை தவறுதலாய் ஒரு கோப்பை அழித்தால், நிழல் வட்டிலும் அது அக்கணமே அழியும். நிழல் வேறு, படி வேறு. விதைத் தவசத்தை ஒத்தது படி. வேறொரு வட்டில் வாரம் ஒருமுறை படியெடுத்து, கழற்றி, இயன்றால் உறவினர் வீட்டில் வைத்தல் வேண்டும். மொத்தம் மூன்று படிகள், இரண்டு வகைக் கலங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது உலகெங்கும் கணினி வல்லுநர் கூறும் நெறி. பல்சந்தமாலையின் எட்டுப் பாடல்கள் நமக்குக் கூறுவதும் அதுவே.

வெளியூரிலிருந்து காண வேண்டுமென்ற ஆவலால் சேமிப்பகத்தின் கதவை இணையத்துக்கு அப்படியே திறந்துவிடுதலும் ஆகாது. 2022-ல் 'டெட்போல்ட்' என்னும் பணயத் தீநிரல், அவ்வாறு திறந்து கிடந்த வீட்டுச் சேமிப்பகங்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதை உலகம் கண்டது.

திறவுகோல் யாரிடம்?

கருவியைவிடக் கடினமான வினா இது. பொதுச் சேமிப்பகம் என்று பெயரிட்டுவிட்டு, கடவுச்சொல்லை மூத்த மகன் ஒருவனே வைத்திருப்பின், அது கைபேசியைவிடப் பெரியதொரு கைபேசியாகுமேயன்றிக் குலுக்கை ஆகாது. வீட்டுக் குலுக்கையிலிருந்து தவசம் எடுக்கும் உரிமை தாய்மார் கையில் இருந்ததை மறத்தல் கூடாது. தாயும் மகளும் மருமகளும் தம் பெயரில் நுழையும் வழி வேண்டும். ஒவ்வொருவர்க்கும் பிறர் காணாத தனிப்பகுதி ஒன்றும், எல்லோர்க்கும் பொதுவான பகுதி ஒன்றும் அமைத்தல் வேண்டும். பொதுப்பகுதியைச் சிறுவர் காணலாம், அழிக்கலாகாது என்று வரையறுக்கவும் சாம்பாவில் வழியுண்டு. ஒப்புரவைப் பேசப் புகுந்த வள்ளுவர் ஊர் உண்ணும் நீர்நிலையை உவமையாக்கினார். நீர் நிறைந்திருப்பது மட்டும் ஊருணிக்குப் பெருமையன்று. எவரும் இறங்கி முகக்கும் படித்துறை இருப்பதே பெருமை.

நம் மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் கைகளுக்குக் கணினி பழகிய கருவி; உங்கள் பெற்றோருக்கு அது அச்சம். விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் வீட்டில் ஒன்றும், கணினி அறியாத அண்டை வீட்டில் ஒன்றும் அமைத்துக் கொடுங்கள். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுங்கள். படத்திலுள்ளவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இன்னும் முப்பது ஆண்டுகளில் யாரென்று அறியப்படாத முகமாகிவிடும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களே 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் மலர்ந்தன. ஒரு தனிமனிதர் சேர்த்தது நாட்டின் செல்வமாயிற்று. உமறுப்புலவர் வாழ்ந்த எட்டயபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில், எந்த வீட்டுப் பெட்டியில் எந்த ஏடு இருக்கிறதென்று யார் கண்டார்?

முன்னோர் விட்டுச்சென்ற குரலும் எழுத்தும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் காக்கும் கலம் இன்று விலை குறைந்தது. வேண்டுவது மனமும் ஒரு வார உழைப்புமே. பரணில் கிடக்கும் பழைய கணினியை இறக்குவோம். செம்புக் கம்பியால் வீட்டை இணைப்போம். விதையைத் தனியே காப்போம். அடுத்த தலைமுறை கை நீட்டும்போது குலுக்கை நிறைந்திருக்கட்டும்.