தாளைத் திருப்பிப் பாருங்கள்

இரண்டு கோடுகள் செங்குத்தாக வெட்டினால் அவற்றின் சாய்வுகளைப் பெருக்க −1 வரும். இது பத்தாம் வகுப்புப் பாடம். அக்காமார் எல்லாரும் மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறாங்க. ஏன் −1 என்று கேட்டால், "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்கிறாங்க. அடுத்த வருஷம் நாமும் இப்படியே ஒப்பிக்கக் கூடாது என்பது என் கருத்து.

கிராப் தாளில் ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கம் 3 கட்டம் போய், மேலே 1 கட்டம் ஏறிக் கோடு போடுங்கள். சாய்வு 1/3. இப்போது தாளை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். வலப்பக்கம் போன 3 மேலே போகும். மேலே ஏறின 1 இடப்பக்கம் சாயும். சாய்வு −3. இரண்டையும் பெருக்குங்கள், −1 தானா வந்து நிற்கும்.

படுக்கைக் கோட்டுக்கு மட்டும் இது செல்லாது. அதன் சாய்வு 0. அதற்குச் செங்குத்தான கோட்டுக்குச் சாய்வே சொல்ல முடியாது, 0-ஆல் வகுக்க முடியாதே! சூத்திரத்தை மட்டும் நம்பினவங்க இங்கதான் மாட்டுவாங்க.

பரீட்சையோடு இது முடியலை. நம்ம கரிசல் மண் நனைஞ்ச பிறகு மெதுவாத்தான் தண்ணி குடிக்கும். ஐப்பசி மழை வேகமா அடிச்சா மிச்சத் தண்ணி மேல்மண்ணையும் கரைச்சுக்கிட்டுச் சரிவுல ஓடிரும். அதனாலதான் மானாவாரிக் காட்டைச் சரிவுக்குக் குறுக்கே உழணும் என்கிறாங்க. கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே வந்துவிட்டது. இருந்தும் சில காட்டில் சரிவோடயே சால் போகுது. டிராக்டர்காரரைக் குறை சொல்ல முடியாது. மணிக்கணக்கு வாடகை. புஞ்சை ஒடுக்கமா இருந்தா நீளவாக்குல ஓட்டினாத்தான் திருப்பம் கம்மி.

காட்டை மேலிருந்து பார்த்த மாதிரி கிராப்பில் வரையுங்கள். தண்ணி ஓடும் கோட்டுக்குச் சாய்வு 1/3 என்றால் சால் கோட்டுக்கு −3. (தாளில் கோடு போகிற திசையைத்தான் சொல்கிறேன், நிலத்தின் பள்ளம் வேற கணக்கு.) வரப்பு போடும்போது மட்டும் கரிசலில் அச்சு அசலாக் குறுக்கே போட்டா தண்ணி கட்டிப் பயிர் அழுகும். கொஞ்சூண்டு விலக்கிப் போட்டு, மிச்சத் தண்ணியை ஓரமா வெளியேத்தணும். எவ்வளவு விலக்கணும் என்று பார்க்கவும் முதலில் செங்குத்துக் கோடு வேணுமே.

கணக்கு ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை ஒருநாள் காட்டில் வைத்து நடத்துங்கள், புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி. கயிறும் குச்சியும் நாங்க கொண்டு வருவோம்.