மரை செத்த வண்டியும் ஆயுள் முடிந்த வண்டியும்

தில்லிப் பட்டறைகளில் திருகின் மரைக்கு வழங்கும் சொல் ‘சூடி’. வளையல் என்பது அதன் பொருள். மரை தேய்ந்து பிடிமானம் இழந்தால் ‘சூடி மர் கயீ’, அதாவது வளையல் செத்துவிட்டது என்பார்கள். தமிழ்ப் பட்டறைகளில் மரை சாவதில்லை. ‘மரை போய்விட்டது’ என்பதோடு பேச்சு முடியும். இந்த வேறுபாட்டிலிருந்து இரு சமூகங்களின் உலகப் பார்வையை வடித்தெடுக்க முயல்வது மிகை. கவனத்துக்குரியது வேறொன்று: செத்துவிட்டது என்று சொல்லும் அதே உஸ்தாதின் கைதான் அடுத்த நொடியில் அதைச் சரிசெய்யக் கருவி தேடுகிறது. பட்டறையில் அச்சொல் நோயின் பெயர்; தீர்ப்பு அன்று.

பழைய வண்டிகளில் இந்நோய் மிகுதியும் காணப்படும் இடம் ஆயில் பேனின் வடிகால் துளை. பட்டறை வழக்கில் அதற்குச் ‘சேம்பர்’ என்று பெயர். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அத்துளையின் போல்ட் கழற்றி மாட்டப்படுகிறது. போல்ட் எஃகு; பல வண்டிகளில் சேம்பரோ அலுமினியம். இரண்டும் மோதினால் மெல்லியதே தோற்கும். சிறிய கார்கள் பலவற்றில் அந்த போல்ட்டுக்குத் தேவையான முறுக்கம் ஏறத்தாழ 25 முதல் 45 நியூட்டன் மீட்டர்தான். ஆயினும் சில ரூபாய் விலையுள்ள வாஷரை மாற்றாமல் பழையதையே போடுகிறார்கள், ஆயில் கசிகிறது, கசிவை நிறுத்த ஸ்பேனரில் பைப்பைச் செருகி இன்னும் முறுக்குகிறார்கள். இறுகிக்கொண்டே வந்த போல்ட் சட்டென இலகுவாகும் கணத்தில் மரை போய்விடுகிறது.

அதன்பின் வழிகள் பல. டெஃப்லான் நாடா சுற்றியோ எம்-சீல் பூசியோ அடைப்பது நோயை மறைக்கும் வழி; அடுத்த ஆயில் மாற்றத்தில் அது அம்பலமாகும். சற்றுப் பெரிய போல்ட்டைத் திருகி, அதுவே தனக்கான மரையை வெட்டிக்கொள்ளும்படி விடுவது இரண்டாம் வழி. இதை விரைவில் முடிக்கலாம். ஆனால் போல்ட் சாய்வாக ஏறினால் வாஷர் சமமாக அமராது, உலோகமும் விரியக்கூடும். மூன்றாம் வழி, துளையைப் பெரிதாக்கி, டேப் கொண்டு புதிய மரை வெட்டி, அதனுள் எஃகுக் கம்பிச் சுருளையோ திடமான உலோகப் புஷ்ஷையோ பொருத்துவது. செம்மையாகச் செய்தால் அவ்விடம் புதிய அலுமினியத்தைவிட உறுதி பெறும். சுருளின் பின்புறமாக ஆயில் கசிய வாய்ப்புண்டு என்பதால், அடிக்கடி கழற்றும் போல்ட்டுக்குத் திடமான புஷ்ஷே மேல். டேப்பில் கிரீஸ் தடவித் துகளைப் பிடிப்பதும், முடிவில் சிறிது ஆயில் ஊற்றித் துளையைக் கழுவுவதும் விடக் கூடாத படிகள். உள்ளே தங்கும் துகள் எஞ்சினுக்குப் பகை. துளையைச் சுற்றி விரிசல் கண்டிருந்தால் இவை எதுவும் பயனில்லை. சேம்பரையே மாற்ற வேண்டும்.

எப்போது எந்த வழி என்பதை அறிவதே இத்தொழிலின் கல்வி. ஆனால் கல்விப்புலம் இவை அனைத்தையும் ‘ஜுகாட்’ என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறது. நவி ராஜு, ஜெய்தீப் பிரபு, சிமோன் அகுஜா ஆகியோரின் ‘ஜுகாட் இன்னோவேஷன்’ நூல் 2012இல் வெளிவந்தது. மேலாண்மைத் துறைகள் அச்சொல்லைக் கொண்டாடப் பழகின. பொறியியல் துறைகளோ அதை அரைகுறை வேலையின் பெயராக இகழ்கின்றன. கொண்டாட்டம், இகழ்ச்சி இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். எம்-சீல் பூசியவரையும் புஷ் பொருத்தியவரையும் வேறுபடுத்திக் காண இரண்டுக்கும் கண் இல்லை.

இந்தக் கண் இல்லாமை சட்டத்திலும் புகுந்ததுதான் தில்லியின் சிக்கல். 15 ஆண்டு கடந்த வாகனங்களை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இலும், 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களை 2015இலும் சாலையிலிருந்து விலக்கியது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் இவ்வாகனங்களுக்கு எரிபொருளே கிடையாது என்ற நடைமுறை தொடங்கிச் சில நாட்களில் ஒத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்கள்மேல் கடும் நடவடிக்கை கூடாதென்றது. டிசம்பரில் அப்பாதுகாப்பைப் பாரத் ஸ்டேஜ் 4 அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அளவுகோல் வயதிலிருந்து மாசுத் தரத்துக்கு நகர்ந்தது முன்னேற்றமே. எனினும் அது தயாரிப்பின்போது வண்டி பெற்ற தரம். இன்று அவ்வண்டி இருக்கும் நிலை அன்று.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தில்லியின் குளிர்காலக் காற்று நச்சு என்பது மிகையுரை அன்று. பழைய டீசல் எஞ்சின் புதியதைவிடப் பன்மடங்கு துகள்களை உமிழ்வதும் மெய்யே. சேம்பரின் மரையைச் சீராக்கினால் தரையில் வடியும் ஆயில் நிற்கும். புகைக்குழாயிலிருந்து வருவது நிற்காது. மெக்கானிக்கின் திறமை மாசுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாகாது என்பதை ஒப்புக்கொண்டே மேலே பேச வேண்டும்.

ஆனால் அரசு வயதைப் பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம், நிலையை அளக்கும் அதன் கருவி பலவீனமானது என்பதே. வழக்கமான மாசுச் சான்று பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியையும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. சோதனையைச் செம்மையாக்குவது கடினம், பிறந்த ஆண்டைப் படிப்பது எளிது. இதன் விளைவு இரட்டை அநீதி. பராமரிக்கப்பட்ட வண்டியும் பாழான வண்டியும் ஒரே நாளில் விலக்கப்படுகின்றன. தடையில்லாச் சான்று பெற்ற பாழான வண்டியோ வேறு மாநிலத்துக்குப் போய் அங்குள்ளவர்களின் நுரையீரலில் தன் ஆயுளைத் தொடர்கிறது.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வாகனத்தின் நடப்பு நிலையை அளக்கும் மெய்யான சோதனை. அதில் தோற்பது மூன்று வயது வண்டியாயினும் விலக்கப்பட வேண்டும். இரண்டாவது, முறுக்க அளவு, உதிரி பாகம், கையேடு ஆகியன சிறு பட்டறைகளுக்கும் எட்ட வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமை குறித்து அமைத்த குழு வாகனத் துறையையும் கணக்கில் எடுத்தது. அது வலைத்தள அளவோடு நின்றுவிடக் கூடாது. மூன்றாவது பொறுப்பு பல்கலைக்கழகங்களுடையது. காஷ்மீரி கேட்டிலும் கரோல் பாகிலும் வழங்கும் தொழிற்சொற்களை, அவற்றின் பின்னுள்ள தீர்மானங்களோடு சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். ‘சூடி’ என்றால் மரை என்று எழுதுவது அகராதி வேலை. எந்த அளவு செத்த சூடியை மீட்கலாம், எதை மீட்கக் கூடாது என்பதை எழுதினால்தான் அது அறிவின் பதிவாகும்.

‘ஆயுள் முடிந்த வாகனம்’ என்று சட்டம் சொல்லும்போது அது ஒரு தீர்ப்பு. நோயைப் பார்க்காமல் வழங்கும் தீர்ப்பைவிட, போல்ட்டைக் கழற்றி விரல் நுனியால் துளையைத் தடவிப் பார்த்தபின் வரும் சொல்லுக்கு அறத்தகுதி அதிகம். அரசு பட்டறையிடமிருந்து கற்க வேண்டியது அந்த வரிசையைத்தான்: முதலில் பார்ப்பது, பிறகு பெயரிடுவது.