பனிமலைப் பாதையும் சங்கிலி விதியும்

ஸ்ரீரங்கமும் பதரிகாசிரமமும் 108 வைஷ்ணவ திவ்ய தேசங்களைச் சேர்ந்தவை. ஆதலின் நம் ஊராருக்கு இமயமலை யாத்திரை புதிதன்று. 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள பதரிநாதர் கோயிலைப் பனிக்காலத்தில் அடைத்துவிடுவது முன்னோர் வகுத்த ஏற்பாடு. பனியோடு மனிதன் போட்டியிடலாகாது என்பதே அதன் தாத்பரியம்.

2024 டிசம்பர் முதல் உத்தராகண்ட் சர்க்கார், பாண்டுகேசுவரம், ஜோஷிமடம் முதலிய குளிர்கால ஸ்தலங்களுக்கு யாத்திரையை ஊக்குவித்து வருகிறார்கள். மலைநாட்டு ஏழைகளுக்குக் குளிர்காலத்திலும் ஜீவனம் கிடைப்பது நன்றே. ஆயினும், ஜனங்களை அழைக்கும் சர்க்கார், பாதையின் விதியையும் முன்கூட்டியே அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

பனி இறுகிய சாலையில் ரப்பர் டயருக்குப் பிடிப்பில்லை. வண்டியை இழுக்கும் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி பூட்டினால், அதன் கண்ணிகள் பனியைக் கவ்விக்கொள்ளும். வெறும் தார்ச்சாலை வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். சங்கிலியோடு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது என்பது ஜெர்மனியின் சட்டம். பிரான்சிலோ, 2021 முதல், குறிப்பிட்ட மலைப் பிரதேசங்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வண்டியில் பனிக்கால டயரேனும் சங்கிலியேனும் இருந்தே தீரவேண்டும். இடம் இன்னது, காலம் இன்னது, கடமை இன்னது என்பது ஒவ்வொருவருக்கும் புறப்படுமுன்பே தெரியும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? மணாலியிலும் குல்மார்க்கிலும் பனி விழுந்தபின் சங்கிலி பூட்டிய வண்டிகளைப் போலீஸார் மேலே விடுவது வழக்கம். மணாலியில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளைச் சங்கிலியின்றியும் விடுகிறார்கள். இவ்விலக்கு தவறானது. நான்கு சக்கர இழுவை ஏற்றத்தில் உதவும். இறக்கத்தில் வண்டியை நிறுத்த உதவாது. கலிபோர்னியாவில் அத்தகைய வண்டிக்கு விலக்கு உண்டெனினும், நான்கு சக்கரங்களிலும் பனி டயர் இருந்தால்தான். மிகக் கடுமையான பனியில் அதுவும் இல்லை.

பொது ஜனப் பாதுகாப்புக்காகச் சாலைகளில் வண்டிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை, 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு மாகாண சர்க்கார்களுக்கு அளித்திருக்கிறது. அதிகாரம் இருக்க, சாவடியில் நிற்கும் காவலரின் வாய்ச்சொல்லே விதியாவது ஏன்? வாய்ச்சொல் சிபாரிசுக்கு இடங்கொடுக்கும். எழுதிய சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. சுயராஜ்யத்தின் லக்ஷணமும் அதுவேயன்றோ?

ஆதலின் நாம் கோருவது மூன்று. குளிர்காலத்துக்கு முன்பே விதியைத் தமிழ் உள்ளிட்ட தேச பாஷைகளில் பிரசுரிக்க வேண்டும். மலையடிவாரத்தில் நியாயமான வாடகைக்குச் சங்கிலியும், அதைப் பூட்டத் தெரிந்த ஆட்களும் கிடைக்கச் செய்யவேண்டும். பனி மிகுந்தால் தயவு தாக்ஷிண்யமின்றிப் பாதையை அடைக்கவேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானத்தின் முரீ மலையில், பனியில் சிக்கிய வண்டிகளுக்குள்ளேயே 20 பேருக்கு மேல் மாண்டதை மறக்கலாகாது.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. கொல்லிமலையின் 70 வளைவுகளில் கைதேர்ந்த ஓட்டுநரும் பனிக்குப் புதியவரே. கம்பளி வாங்க மறவாத யாத்திரிகர், சங்கிலி இருக்கிறதாவென்று கேட்க மறக்கிறார். ஓட்டுநர் “இனி முடியாது” என்றால், அவரை நிர்ப்பந்திப்பது பக்தியன்று. பெருமாள் அங்கேயே எழுந்தருளியிருப்பார். பாதை திறந்தபின் சேவித்துக்கொள்ளலாம்.