தனித்தனியே உறுதி என்றால் மொத்தமும் உறுதியா?

மின்சாரம், எரிவாயு, வெப்பம் மூன்றையும் அந்தந்தத் துறை வல்லுநர்களே தனித்தனியாக உறுதியாக அமைத்தால் போதும், சேர்த்துத் திட்டமிடுவது வீண் சிக்கல் என்கிறார்கள் சிலர். தவறு.

1. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தது. அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம். மின்சாரத்தில் பெரும்பங்கைத் தருவது எரிவாயு. அப்போது ஏற்பட்ட மின்தடைக்குக் கருவிகள் உறைந்ததே முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் மின்சுமை குறைக்க வெட்டிய இணைப்புகளில் எரிவாயுக் கிணறுகளும் கம்ப்ரசர் நிலையங்களும் இருந்தன. பல, மின்வெட்டிலிருந்து விலக்குப் பெறும் பட்டியலில் பதிவாகவே இல்லை! வாயு குறைந்தது, மின் நிலையங்கள் மேலும் தடுமாறின. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். பதிவாகாத அந்த இணைப்புகள் எந்த வல்லுநரின் பொறுப்பு?

2. சிக்கலா? டென்மார்க் 1979-லேயே வெப்ப வழங்கல் சட்டம் இயற்றி, எந்தப் பகுதிக்கு வாயுக் குழாய், எந்தப் பகுதிக்கு வெந்நீர்க் குழாய் என்று பிரித்தது. அன்று முடிந்தது இன்று முடியாதா?

3. செலவா? டென்மார்க்கில் காற்று பலமாக வீசும்போது மிஞ்சும் மின்சாரம் பாய்லர்களில் வெந்நீராகித் தொட்டிகளில் சேர்கிறது. மின்துறை தனியே கணக்குப் போட்டால் அந்தத் தொட்டி கண்ணில் படாது. விலை கூடிய பேட்டரிதான் படும்.