கேட்டவர்கள் பேச வேண்டும்

“இருட்டுல இருமல் மருந்துன்னு நெனச்சுக் குடிச்சிட்டா டாக்டர்.” பூச்சிமருந்து குடித்த பெண்ணைத் தூக்கிவந்த வீட்டார் இப்படிச் சாதிப்பதை நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றன. போலீஸ் கேஸாகிவிடுமே என்ற பயம்தான். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டுவரை சிறையில் தள்ளலாம் என்றது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. பொய் சொல்லி வீடு திரும்பிய பெண் தன் மனவேதனையை யாரிடம் போய்ச் சொல்வாள்?

இந்தக் கொடுமையைச் சிகிச்சை அறைக்கு வெளியே கொண்டுவந்து பேசியவர்களில் மனநல மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1986-இல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்களில் ஒருவர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1-இல் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 309-ஆவது பிரிவே இல்லாமல் போனது.

பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளைகள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற தமிழக ஏற்பாட்டின் பின்னாலும் ‘சிநேகா’வின் வலியுறுத்தல் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துத் தேற்றினாலும் எட்ட முடியாத ஆயிரம் வீடுகளை ஓர் அரசாணை எட்டிவிடுகிறது!

‘வைத்தியம் பார்ப்பவருக்கு எதற்கு அரசியல்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கட்சிக் கொடி சிகிச்சை அறைக்குள் வரவே கூடாது. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. உடைந்துபோய் வருகிறவர், எதிரே இருப்பவர் எந்தக் கட்சியோ என்று யோசித்துப் பேசும் நிலை வரக் கூடாது. அங்கே சொன்ன ரகசியம் மேடைக்கும் போகக் கூடாது. ஆனால், கடன்காரனின் மிரட்டலையோ குடிகாரக் கணவனின் அடியையோ சொல்லிப் பத்துப் பேர் அடுத்தடுத்து அழும்போது, பத்துப் பேருக்கும் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு ஆட்சியாளர்களிடம் வாய் திறக்காமல் இருப்பது எப்படி முழு வைத்தியமாகும்?

செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. பிரிவு போனாலும் பயம் போகவில்லை. உயிர் பிழைத்தவர்மீது வழக்கு வராது, உண்மையைச் சொல்லலாம் என்று தெளிவான தமிழில் ஓர் அறிவிப்பை ஒவ்வோர் அவசரப் பிரிவின் வாசலிலும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அரசு ஒட்ட வேண்டும். மனநல மருத்துவர்களும் ஆலோசகர்களும் ஒன்றாகக் கோட்டைக்குப் போய் இதைக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்டால் மறுப்பது எந்த அரசுக்கும் கடினம்.